பதினைந்து நாள் கடை, பறிபோகும் வாடிக்கையாளர்

நமது சிறப்புச் செய்தியாளர்

புது தில்லி: தலைநகரில் ஐஎன்ஏ சந்தைக்கு எதிரே உள்ள தில்லி ஹாட் வளாகம் 1994-ம் ஆண்டு திறக்கப்பட்டது. கிராமப்புறக் கைவினைஞர்கள் இடைத்தரகர் இல்லாமல் நகரவாசிகளிடம் நேரடியாக விற்க வேண்டும் என்பதற்காக உருவான நிரந்தரச் சந்தை அது. சந்தைதான் நிரந்தரமே தவிர, விற்பவர்கள் அல்லர். கைவினைஞர்களுக்கு அங்கே கடைகள் சுழற்சி முறையில், பொதுவாகப் பதினைந்து நாள்களுக்கே ஒதுக்கப்படுகின்றன.

கட்ச் பகுதிப் பூவேலைக்காரரிடம் ஒரு மேஜை விரிப்பு வாங்கிய தில்லி வாடிக்கையாளர், அதே வேலைப்பாட்டில் இன்னொன்று வேண்டும் என்று அடுத்த மாதம் வந்தால் அந்தக் கடையில் மதுபனி ஓவியர் அமர்ந்திருப்பார். பூவேலைக்காரர் எங்கே என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. அவரும் ஊர் திரும்பும்போது பணத்தைத்தான் எடுத்துச் செல்கிறார். யார் வாங்கினார்கள் என்ற விவரத்தை அல்ல. மறுமுறை இடம் கிடைக்கும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் பிரகதி மைதானத்தில் நடைபெறும் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சியிலும், பிப்ரவரியில் சூரஜ்குண்டில் நடைபெறும் கைவினை மேளாவிலும் இதே கதைதான்.

சிறுதொழில் என்றதும் நாடாளுமன்றத்தில் எழும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சுற்றியே அமைகின்றன: வங்கிக் கடன், ஜிஎஸ்டி, பெரிய நிறுவனங்களிடமிருந்து வராத நிலுவை. மூன்றும் முக்கியமானவைதான். ஆனால், ஒரு சிறு தொழிலுக்குச் செலவு மிகக் குறைவாகவும் பலன் நீண்டதாகவும் உள்ள சொத்துகள் இரண்டு. ஒன்று, சட்டப்படி தனக்கே உரிய பெயர். மற்றொன்று, வாங்கியவர்கள் தாமாகவே விரும்பிக் கொடுத்த முகவரிகளின் பட்டியல். இந்த இரண்டையும் பற்றி அவையில் பேச்சே எழுவதில்லை. அரசுத் திட்டங்களிலும் இவற்றுக்குக் கிடைப்பது ஓரமான இடம்தான்.

வாடகை தரும் அரசு

மத்திய குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் அமைச்சகம் நடத்தும் கொள்முதல் மற்றும் சந்தை ஆதரவுத் திட்டத்தில், கண்காட்சிகளில் பங்கேற்கும் குறு, சிறு நிறுவனங்களுக்குக் கடை வாடகையில் மானியம் தரப்படுகிறது. 2023 செப்டம்பர் 17-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் தச்சர், கொல்லர், குயவர் உள்ளிட்ட 18 தொழில் பிரிவினருக்கானது, ரூ.13,000 கோடி மதிப்பிலான அந்தத் திட்டத்தில் சந்தை ஆதரவும் ஓர் அங்கம். கருவி வாங்க ரூ.15,000 வரை தரப்படுகிறது. மின்னணுப் பரிவர்த்தனை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் வீதம் மாதம் நூறு பரிவர்த்தனைகள் வரை ஊக்கத்தொகை உண்டு.

2020-ல் தொடங்கப்பட்ட குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான பிரதமரின் திட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. முத்திரைப் பெயர் உருவாக்கவும் சந்தைப்படுத்தவும் ஆகும் செலவில் பாதியை அரசே ஏற்கும் என்றது. ஆனால், அந்தச் சலுகை சுயஉதவிக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள், கூட்டுறவுச் சங்கங்கள் போன்ற கூட்டமைப்புகளுக்குத்தான். தனி ஒருவர் நடத்தும் ஊறுகாய்க் கூடத்துக்கு இயந்திரம் வாங்க மானியம் கிடைக்கும். பெயர் வைக்கக் கிடைக்காது. இத்திட்டத்தின்கீழ் நாஃபெட் நிறுவனம் சில பொதுப் பெயர்களை 2022-ல் அறிமுகப்படுத்தியது. தில்லி அடுமனைப் பொருள்களுக்கான 'தில்லி பேக்ஸ்' அவற்றில் ஒன்று. பொதுப் பெயரில் விற்பது தொடக்கத்தில் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தப் பெயருக்குச் சேரும் மதிப்பு, அடுப்படியில் நிற்பவருக்குச் சொந்தமாவதில்லை.

பெயர் வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்ற எண்ணமே தவறு. 1959 மார்ச் 15-ல் மும்பையின் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் ரூ.80 கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினர். தங்கள் அப்பளத்துக்குப் பெயர் தேடி அவர்கள் நடத்திய போட்டியின் பரிசுத்தொகை ரூ.5 என்கிறது அந்த அமைப்பின் வரலாறு. குஜராத்தியில் சுவை என்ற பொருள்படும் 'லிஜ்ஜத்' என்ற சொல் அப்படித்தான் வந்தது. எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. விளம்பர நிறுவனம் எதுவும் அந்தப் பெயரைத் தேடித் தரவில்லை. ஒரே தரம், ஒரே பெயர், ஒரே உறை என்பதில் அவர்கள் காட்டிய பிடிவாதம்தான் முத்திரையானது.

பெயரின் விலை

வணிகமுத்திரைச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 2017 மார்ச்சில் வெளியான புதிய விதிகள் 74 படிவங்களை 8 ஆகச் சுருக்கின. கட்டணத்தை உயர்த்திய அதே விதிகள், தனிநபர்களுக்கும் புத்தொழில் நிறுவனங்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சலுகை அளித்தன. இணையவழி விண்ணப்பித்தால் அவர்களுக்கு ஒரு வகுப்புக்கு ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. சரக்குகளும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அப்பளத்துக்கு ஒரு வகுப்பு, அதை விற்கும் கடைக்கு வேறு வகுப்பு. பதிவு கிடைத்தால் பத்தாண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும்போது மட்டும் சிறியவர், பெரியவர் என்ற வேறுபாடு கிடையாது. இணையவழியில் எல்லோருக்கும் ரூ.9,000.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. விதிகளின்படி 'சிறு நிறுவனம்' என்ற சொல்லுக்கு, நடுத்தர நிறுவனங்களுக்கான முதலீட்டு உச்சவரம்புதான் அளவுகோல். அந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் ரூ.125 கோடியாக உயர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே, நூறு கோடி ரூபாய்க்கு இயந்திரம் போட்டிருக்கும் ஆலைக்கும், குர்ஜாவில் சக்கரம் சுற்றும் மண்பாண்டத் தொழிலாளிக்கும் ஒரே கட்டணம். சலுகையின் பெரும்பயன் யாருக்குப் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டத்தில் வணிகமுத்திரை பதிவு செய்தவருக்கு ரூ.10,000 வரை திருப்பித் தர வழி இருக்கிறது. புவிசார் குறியீட்டுக்கு ரூ.2 லட்சம் வரை. ஆனால், பதிவு முடிந்த பிறகே பணம் கேட்க முடியும். முதலில் கையிலிருந்து செலவழிக்க வேண்டும். பதிவுக்கு ஆகும் காலம் முழுவதும் காத்திருக்க வேண்டும். இதழில் வெளியான பின் நான்கு மாதங்களுக்கு எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு வந்துவிட்டால் வழக்குரைஞர் இல்லாமல் நகர முடியாது.

பதிவேட்டின் நடைமுறையே சிறியவர்களைக் கைவிட்ட சம்பவமும் நடந்திருக்கிறது. 2016 மார்ச் மாதத்தின் சில நாள்களில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான விண்ணப்பங்கள் 'கைவிடப்பட்டவை' என்று வணிகமுத்திரைப் பதிவகத்தால் அறிவிக்கப்பட்டன. ஆய்வறிக்கைக்கு உரிய காலத்தில் பதில் வரவில்லை என்பது காரணம். அறிக்கையே தங்களுக்கு வந்து சேரவில்லை என்று பலர் முறையிட்டனர். வழக்குரைஞர்கள் சங்கம் ஒன்று தில்லி உயர் நீதிமன்றத்தை நாட, ஏப்ரல் முதல் வாரத்தில் அந்த உத்தரவுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. முகவர் வைத்திருப்பவர்களுக்கு விஷயம் உடனே தெரிந்துவிட்டது. தானே விண்ணப்பித்துவிட்டு ஊரில் காத்திருந்தவர்களுக்கு?

அல்வாக் கடை வழக்கு

பதிவு செய்யாதவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்றால், இருக்கிறது. இதை உறுதிப்படுத்திய தீர்ப்பு தமிழக வாசகர்களுக்குப் பழக்கமான ஒரு பெயரைப் பற்றியது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா என்ற பெயருக்கான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து, 2015 மார்ச்சில் முடிவுக்கு வந்தது. அந்தப் பெயரையே முன்னே ஊர்ப்பெயர் சேர்த்து வைத்துக்கொண்ட மற்றொருவர், தானும் பதிவு பெற்றவர்தான் என்று வாதிட்டார். பதிவைவிட முந்தைய பயன்பாட்டுக்கே உரிமை மேலானது என்ற கோட்பாட்டை நீதிமன்றம் வலியுறுத்தி, மூலக் கடையின் பக்கம் நின்றது. விளக்கு வெளிச்சம்கூடப் போதாத ஒரு கடை, தன் பெயருக்காக தில்லி வரை வந்து வென்றது சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்காகிவிட்டது.

ஆனால், முந்தைய பயன்பாட்டை நிரூபிக்கச் சான்று வேண்டும். தேதியிட்ட ரசீது, பில் புத்தகம், அச்சிட்ட உறை, பத்திரிகை விளம்பரம், வாடிக்கையாளருக்கு அனுப்பிய கடிதம் ஆகியவைதான் நீதிமன்றத்தில் பேசும். பெரும்பாலான சிறு வியாபாரிகள் இவற்றைப் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். மாதந்தோறும் அனுப்பும் மின்னஞ்சல் மடலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு: பெயரும் தேதியும் பொருளும் ஒன்றாகப் பதிவான ஆவணம் அது.

இன்னொரு சிக்கல், பெயரைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்குகிறது. பொருளின் தரத்தையோ ஊரையோ மட்டும் சொல்லும் பெயரைத் தனியொருவர் உரிமையாகப் பதிவதற்குச் சட்டத்தின் 9-வது பிரிவு தடை விதிக்கிறது. நீண்ட பயன்பாட்டால் அந்தப் பெயர் ஒரு கடையையே குறிக்கும் நிலை வந்தால்தான் விலக்கு. 'நல்ல பனாரஸ் சேலை' என்று பலகை மாட்டுவது எளிது. அதைக் காப்பாற்றுவது கடினம். பனாரஸ் சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது அங்குள்ள நெசவாளர் அனைவருக்கும் பொதுவான சொத்து. குறியீட்டைப் பயன்படுத்த அங்கீகாரம் பெறுவதற்கான கட்டணம் 2020-ல் ரூ.500-லிருந்து ரூ.10 ஆகக் குறைக்கப்பட்டது. பொதுக் குறியீட்டோடு தனக்கென ஒரு தனிப்பெயரையும் சேர்த்துக்கொள்வதே நெசவாளருக்கு நல்லது.

இணையதள முகவரியும் பெயரின் ஓர் அங்கமே. இணைய முகவரிக்கும் வணிகமுத்திரைக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் 'டாட் இன்' முகவரிகளை நிர்வகிப்பது நிக்ஸி என்ற அமைப்பு. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் அளவில் ஒரு முகவரி கிடைத்துவிடும். தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் முகவரியும் பெறலாம். ஆனால், எல்லா மின்னஞ்சல் சேவைகளும் அதை ஒழுங்காக ஏற்பதில்லை என்பதால், இப்போதைக்கு அதைப் பெயர்ப்பலகையாக வைத்துக்கொண்டு அஞ்சலுக்கு 'டாட் இன்' பயன்படுத்துவதே நடைமுறைக்கு ஒத்தது.

மடல் அனுப்பும் வழி

எல்லோரும் வாட்ஸ்ஆப்பில் இருக்கும் காலத்தில் மின்னஞ்சலை யார் திறந்து பார்க்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. தெருமுனை மளிகைக் கடைக்கு மின்னஞ்சல் தேவையில்லை. வாடிக்கையாளரே அன்றாடம் கடைக்கு வருகிறார். ஆனால், தில்லி ஹாட்டில் வாங்குபவர்கள் பெரும்பாலும் அலுவலகம் செல்பவர்கள், வெளியூர்ப் பயணிகள், வெளிநாட்டவர்கள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை வாங்கக்கூடிய இவர்களுக்குத் தினமும் செய்தி அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். மாதம் ஒரு மடல் அளவோடு இருக்கும்.

செலவைப் பார்த்தாலும் மின்னஞ்சலே தேவலை. குறுஞ்செய்தியாக விளம்பரம் அனுப்ப வேண்டுமானால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி நிறுவனத்தையும், அனுப்புநர் தலைப்பையும், செய்தியின் வாசக மாதிரியையும் தொலைபேசி நிறுவனங்களிடம் முன்கூட்டியே பதிய வேண்டும். பதினைந்து நாள் கடைக்காரருக்கு இது ஆகிற காரியமல்ல. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி இலவசம்தான். ஆனால், ஒரு தனியார் நிறுவனத்தின் செயலி அது. விதியை நாளை மாற்றினாலும், கணக்கை முடக்கினாலும் கேட்க முடியாது. மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. சேவை தரும் நிறுவனம் பிடிக்காவிட்டால் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். சில நூறு பெயர்களுக்கு மடல் அனுப்பிக் கொடுக்கும் சேவைகள் பலவற்றில் தொடக்க நிலைக்குக் கட்டணமும் இல்லை.

ஆனால், கையில் உள்ள இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து முந்நூறு பேருக்கு ஒரே அடியாக அனுப்புவது சரியான வழியல்ல. மற்றவர்களின் முகவரிகளை எல்லோரும் பார்க்கும்படி வரிசையாக இடுவது அதைவிட மோசம். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் அஞ்சல் அனுப்புவோருக்கு விதிகளை இறுக்கின. அனுப்பும் முகவரி உண்மையிலேயே அனுப்புநருடையதுதான் என்பதை எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எனப்படும் மூன்று பதிவுகள் வழியாக இணைய முகவரியின் அமைப்பிலேயே காட்ட வேண்டும். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருப்பது கட்டாயம். விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் இருக்க வேண்டும். குப்பை அஞ்சல் என்று புகார் செய்வோர் விகிதம் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. ஆயிரம் பேரில் மூவர் முகம் சுளித்தாலே மடல் குப்பைப் பெட்டிக்குப் போய்விடும் அபாயம் உண்டு என்று இதைப் புரிந்துகொள்ளலாம். முந்நூறு பேருக்கு அனுப்புபவரும் இந்த மூன்று பதிவுகளையும் செய்துவிடுவது நல்லது. இணைய முகவரி விற்பவரே அதைச் செய்து தருவார். தனக்கென இணைய முகவரி இல்லாதவரால் இவற்றைச் செய்யவே முடியாது. சொந்தப் பெயர் இல்லாமல் சொந்த அஞ்சல் இல்லை என்பது தொழில்நுட்பத்திலும் உண்மையாகிவிட்டது.

மடலில் என்ன எழுதுவது? பெரிய நிறுவனங்களைப் பார்த்துத் தள்ளுபடி அறிவிப்பாகக் குவிப்பவர்களே அதிகம். கைவினைஞருக்கு அது பொருந்தாது. தள்ளுபடி தரும் அளவுக்கு அவரிடம் லாபமும் இல்லை. இந்த மாதம் தறியில் என்ன ஓடுகிறது, எந்தச் சாயம் கிடைக்கவில்லை, அடுத்து எந்த ஊர் மேளாவில் எத்தனையாவது கடை, விலை என்ன, எந்த எண்ணில் பேசலாம் என்று ஒரு படத்தோடு பத்து வரி போதும். கடை எண் தெரிந்தாலே பழைய வாடிக்கையாளர் தேடி வருவார். தலைப்பில் கடையின் பெயர் மாறாமல் இருக்க வேண்டும். தமிழிலோ இந்தியிலோ எழுதினால் குறைந்துவிடாது.

நீக்கப்பட்ட பிரிவு

வேண்டாத விளம்பர மின்னஞ்சலுக்கென இந்தியாவில் தனிச் சட்டம் எப்போதும் இருந்ததில்லை. அமெரிக்காவில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் 2008 டிசம்பரில் இரு அவைகளிலும் விவாதமின்றி நிறைவேறியபோது சேர்க்கப்பட்ட 66-ஏ பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, தொந்தரவு தரும் மின்னஞ்சலையும், அனுப்புநர் யார் என்று ஏமாற்றும் மின்னஞ்சலையும் குற்றமாக்கியது. அந்தப் பிரிவு குப்பை அஞ்சலைத் தடுக்கப் பயன்பட்டதைவிட, கருத்துச் சொன்னவர்களைக் கைது செய்யப் பயன்பட்டதுதான் நாடறிந்த கதை. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அதை முழுவதுமாக ரத்து செய்தது. கருத்துரிமைக்குக் கிடைத்த வெற்றி அது என்பதில் இருவேறு கருத்தில்லை. எனினும், குப்பை அஞ்சலுக்கென வேறு சட்டம் எதுவும் கொண்டுவரப்படவில்லை. பத்தாயிரம் முகவரிகளை விலைக்கு வாங்கி அனுப்புகிறவரும், கேட்டு வாங்கிய நூறு முகவரிகளுக்கு அனுப்புகிறவரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாகவே இருந்தார்கள். முன்னவரால் பின்னவரின் மடலும் குப்பையாகப் பார்க்கப்படுகிறது.

இந்த நிலையை மாற்றுவது 2023-ம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகஸ்ட் 7-ல் மக்களவையும் 9-ல் மாநிலங்களவையும் குரல் வாக்கெடுப்பில் அதை நிறைவேற்றின. மணிப்பூர் விவகாரத்தால் அவைகள் கொந்தளித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. அரசுக்கு அளிக்கப்பட்ட விலக்குகளையும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தத்தையும் பற்றி வெளியே எழுந்த விவாதத்தில், கடைக்காரரின் பில் புத்தகத்துக்கு என்ன ஆகும் என்பதை யாரும் கேட்கவில்லை.

சட்டத்தின் 7-வது பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு தரப்பட்டுள்ளது. மருந்துக் கடையில் பொருள் வாங்கும் ஒருவர், ரசீதைத் தன் கைப்பேசிக்கு அனுப்புமாறு எண்ணைத் தருகிறார். ரசீது அனுப்ப அந்த எண்ணைப் பயன்படுத்தலாம். எண் தரப்பட்டது அந்த ஒரு நோக்கத்துக்காக மட்டுமே. விளம்பர மடல் அனுப்புவதற்குத் தனியே ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதல் சுதந்திரமாகவும், குறிப்பான நோக்கத்துக்காகவும், விவரம் தெரிந்தும் தரப்பட்டதாக இருக்க வேண்டும். ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். பழைய பட்டியல் வைத்திருப்பவர், முன்பே ஒப்புதல் பெற்றிருந்தால், முறையான அறிவிப்பை அனுப்பிவிட்டுத் தொடரலாம்.

விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் அபராதத்தின் உச்ச அளவு ரூ.250 கோடி. சிறு கடைக்காரர் மீது யாரும் அவ்வளவு விதிக்கப் போவதில்லைதான். தவறின் தன்மைக்கேற்பவே தொகை முடிவாகும் என்று சட்டமும் சொல்கிறது. ஆனால், சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்க அரசுக்கு அதிகாரம் தரும் 17-வது பிரிவில் 'புத்தொழில் நிறுவனங்கள்' என்ற சொல் வெளிப்படையாக இடம்பெற்றிருக்கிறது. முதலீட்டாளர் பணத்தில் நடக்கும் புத்தொழிலின் பெயர் சட்டத்தில் இருக்கிறது. குயவரின் பெயர் இல்லை. அரசு நினைத்தால் அவர்களையும் ஒரு பிரிவாக அறிவிக்க முடியும் என்பது மட்டுமே ஆறுதல்.

முறையாக நடப்பவருக்கு இந்தச் சட்டம் பாரமல்ல, பலம் என்றே தோன்றுகிறது. கடையில் ஒரு நோட்டு, அதில் பெயர், முகவரி, 'மாதம் ஒரு மடல் அனுப்பச் சம்மதம்' என்ற வரி, தேதி. இவ்வளவுதான் தொடக்கம். வீடு திரும்பியதும் அதைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். விலைக்கு வாங்கிய பட்டியலைக் கொண்டு அஞ்சல் அனுப்புபவருக்குத்தான் இனிச் சங்கடம்.

யாருடைய பட்டியல்?

இணையச் சந்தைகளில் விற்றால் இந்தக் கவலையே இல்லையே என்று கேட்கலாம். அங்கே கவலை வேறு வகை. பெரிய இணையச் சந்தைகள் வாங்குபவரின் உண்மையான மின்னஞ்சல் முகவரியை விற்பவருக்குக் காட்டுவதில்லை. பெட்டியில் அச்சிட்ட சீட்டு வைத்து நேரடியாக அழைப்பதையும் விதிகள் தடுக்கின்றன. தனியுரிமை என்பது சொல்லப்படும் காரணம். அதே தகவலைக் கொண்டு, போட்டிப் பொருளை அதே வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்குச் சந்தை நடத்துபவருக்குத் தடை இல்லை. உணவு விநியோகச் செயலிகள் வாடிக்கையாளர் விவரங்களை மறைக்கின்றன என்பது, 2021-ல் இந்திய தேசிய உணவகங்கள் சங்கம் போட்டி ஆணையத்திடம் அளித்த புகாரின் ஓர் அம்சம்.

நாடாளுமன்றக் குழுக்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. வர்த்தகத்துக்கான நிலைக்குழு 2022 ஜூனில் மின்வணிகம் குறித்து அளித்த 172-வது அறிக்கையும், ஜெயந்த் சின்ஹா தலைமையிலான நிதித் துறை நிலைக்குழு அதே ஆண்டு டிசம்பரில் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் குறித்து அளித்த 53-வது அறிக்கையும், சந்தை நடத்துபவரே விற்பவராகவும் இருப்பதன் கேட்டைச் சுட்டிக்காட்டின. தகவல்களைப் பயன்படுத்தும் விதமும் இரண்டாவது அறிக்கையில் இடம்பெற்றது. அதைத் தொடர்ந்து எண்மப் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. பெருநிறுவனங்கள் அதை எதிர்த்ததில் வியப்பில்லை.

அரசே ஊக்குவிக்கும் ஓஎன்டிசி வலையமைப்பில் ஐந்து லட்சம் குறு, சிறு நிறுவனங்களைச் சேர்க்கும் திட்டத்தை 2024 ஜூனில் மத்திய அமைச்சகம் அறிவித்தது. பொருள் பட்டியலிடவும், பொதிகட்டவும், கணக்குக்கும் உதவி உண்டு. வாடிக்கையாளரின் சம்மதத்தோடு அவர் முகவரி விற்பவருக்குச் சேருமா என்பதுதான் அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி.

குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கைக்குப் பின் தொழில் துறைக்கான நிலைக்குழு ஆய்வு செய்கிறது. கண்காட்சி வாடகைக்குத் தரப்படும் தொகையோடு, வணிகமுத்திரைக் கட்டணத்தை முன்பணமாகவே தருவதற்கும், கடை ஒதுக்கீட்டுக் கடிதத்துடன் ஒரு சம்மதப் பதிவேட்டையும் இணைத்துத் தருவதற்கும் என்ன செலவாகும் என்று உறுப்பினர்கள் அங்கே கேட்கலாம். பதிவேட்டை எட்டாவது அட்டவணை மொழிகளில் அச்சிட வேண்டியது மட்டுமே கூடுதல் வேலை.